பௌர்ணமி நகர்கிறது, தேதி நிற்கிறது

தம்பி பெண்டாட்டியை நாத்தனார் புகழ்ந்து நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். இப்போது கேளுங்கள். என் பெயர் உண்ணாமலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கிறேன், சுண்டலும் உண்டு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது ஊருக்கே தெரியும். அந்தக் கோபத்துக்கு எதிரே நின்று நிதானமாகப் பேசிய ஒரே ஆள் என் தம்பி கலையரசனின் மனைவி கீதாஞ்சலிதான். என் வீட்டுக்காரர்கூட அப்படி நின்றதில்லை, பக்கத்துக் கடைக்கு நழுவிவிடுவார்.

கீதா ஆள் ஒல்லி. செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே வருகிற வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசுவாளாம். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் பேச்சு கம்மி. கல்யாணமான புதிதில், "இன்னாடா இது, ஊமைப் பொண்ணா பாத்துக் கட்டிக்கினு வந்துட்ட?" என்று தம்பியைக் கிண்டல் செய்திருக்கிறேன். காசு விஷயம் வந்தபோதுதான் அவளுக்கு வாய் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

என் தம்பியிடம் ஒரு வேன் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கிரிவலத்துக்கு ஆளேற்றி வருவான். மற்ற நாளில் சவாரி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வேப்பமரத்தடியில் வண்டியும் தூங்கும், அவனும் தூங்குவான். ஆக, அவனுக்கு மாதச் சம்பளம் என்றால் அது பௌர்ணமிதான். எனக்கும் அப்படித்தான், இந்தப் பாதையில் கடை போட்ட எல்லோருக்கும் அப்படித்தான்.

கீதா இதை ஒரு கணக்காகவே ஆக்கிவிட்டாள். எதை வாங்க வேண்டும் என்றாலும், "இது எத்தினி பௌர்ணமி?" என்று கேட்பாள். தம்பி ஆசைப்பட்ட போன் ஒரு பௌர்ணமி. ஃபிரிட்ஜ் ரெண்டு பௌர்ணமி. ஒருமுறை வேனுக்குப் பெரிய ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று அவன் கெஞ்சினான். "இது அரை பௌர்ணமி. பாதி ராத்திரி கண்ணு முழிச்சு ஓட்டறது இந்த டப்பாவுக்கா? நீங்களே சொல்லுங்க," என்றாள். அவன், "வேணாம் வுடு," என்று எழுந்து போய்விட்டான். விலையைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான். தூக்கத்தைச் சொன்னதும் அடங்கிவிட்டான்.

அவன் பெயரில் அவள் ஒரு இன்சூரன்ஸ் போட்டாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் பணம் வரும், நல்லபடியாக இருந்தால் கட்டினது போனதுதான். கேள்விப்பட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு? என் தம்பி சாவுக்குப் பணம் கட்றியா?" என்று அவள் வீட்டு வாசலில் நின்றே கத்தினேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ராத்திரியில வண்டி ஓட்டறவரு அண்ணி. எனக்கு வேற தைரியம் இல்ல," என்றாள். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வேன் வாங்கினது பைனான்ஸில். மாதாமாதம் எந்தத் தேதியில் டியூ கட்டுகிறீர்கள் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். என் தம்பி காலண்டரைப் பார்த்தான். அந்த மாதம் பௌர்ணமி மூன்றாம் தேதி. உடனே, "அஞ்சாந்தேதி போடுங்க சார்," என்று சொல்லிவிட்டான். மூன்றாம் தேதி காசு வரும், ஐந்தாம் தேதி கட்டிவிடலாம் என்று பெருமையாக வந்து என்னிடமும் சொன்னான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் பாதையில் வண்டி வாங்கின பாதிப் பேர் இப்படித்தான் பௌர்ணமி பார்த்துத் தேதி சொல்லியிருப்பார்கள்.

பௌர்ணமி எங்கே ஒரே தேதியில் நிற்கிறது? மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தது. முதல் நாலஞ்சு மாசம் சுகமாகப் போனது. அப்புறம் காசு கைக்கு வருவதற்கும் டியூவுக்கும் நடுவில் ஒரு வாரம் விழுந்தது, அது பத்து நாளானது, கடைசியில் மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை நாள் காசு என் தம்பி கையில் சும்மா இருக்க வேண்டும். இருக்குமா? யார் வந்து நின்றாலும், "டியூக்கு இன்னும் நாள் கீது," என்று எடுத்துக் கொடுத்துவிடுவான். அப்படி ஒரு மனசு அவனுக்கு, சின்ன வயதிலிருந்தே. திட்டிக்கொண்டே நான் அதில் பெருமைப்படுவேன். இப்படிக் கொடுத்துக் கொடுத்து ரெண்டு டியூ நின்றுபோனது. மூன்றாவதும் நின்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் மகள் தென்றலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில் முகூர்த்தம். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எதிரே என் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தாய்மாமன் சீரா ஒரு சவரன் சங்கிலி போடறேன்," என்று சொல்லிவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே பிறந்த வீட்டு உறவு அவன். தங்கம் விற்கிற விலையில் ஒரு சவரன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வார்த்தையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சித்ரா பௌர்ணமி வந்தது. வருஷத்திலேயே ஜாஸ்தி கூட்டம் அன்றைக்குத்தான். தம்பி ராப்பகலாக ஓட்டினான். மறுநாள் காலையில், நான் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது கீதா வந்தாள். தனியாக வந்தாள், வேலைக்குப் போகிற புடவையில்.

"அண்ணி, ஒரு விஷயம். அவருக்குத் தெரியாது நான் வந்தது."

"சொல்லு."

"சங்கிலி போட முடியாது அண்ணி. ஒரு கிராம்ல மோதிரம் போடறோம். பட்டுப்பொடவ எடுக்கறோம். அவ்ளோதான் முடியும்."

என் கையிலிருந்த டபரா கீழே விழுந்தது. நானே போட்டேன் என்றும் சொல்லலாம். "எத்தினி பேர் முன்னாடி சொன்னான் அவன்! என் சம்பந்தி வூட்ல நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நிக்கறது?"

"நேத்து வந்த காசை நகைக்கடையில முன்பணமா கட்டிட்டு, மிச்சத்த வட்டிக்கு வாங்கப் போறாரு. அஞ்சாந்தேதிக்குள்ள வேற பௌர்ணமி இல்ல அண்ணி. தேதி அங்கியே நிக்குது, பௌர்ணமிதான் நகந்து போயிடுச்சு. அந்தக் காசு இருவது நாளுக்கு மேல வூட்ல தூங்கணும். உங்க தம்பி கையில காசு தூங்குமா? அதான் இன்னிக்கே போயி நின்ன டியூ ரெண்டும், வரப்போற டியூவும் சேத்துக் கட்டிடலாம்னு கீறேன். தேதிக்கு முன்னாடி கட்டினா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க. நான் மிச்சம் புடிச்சதயும் போட்டா சரியா இருக்கும். சீருக்குத்தான் இருக்காது."

"உன் நகைய அடகு வையேன்!"

"வெச்சா அதுக்கும் ஒரு தேதி வரும் அண்ணி."

இவ்வளவு பேசி நான் அவளைப் பார்த்ததேயில்லை. "நீங்க கோச்சுக்குவீங்கன்னு தெரியும். அவரு உங்ககிட்ட வந்து சொல்லவே மாட்டாரு, உசுரே போனாலும். அதான் நான் வந்தேன்," என்றாள்.

"போடி," என்றேன். அவள் கீழே கிடந்த டபராவை எடுத்து, கழுவி, கவிழ்த்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அன்றைக்கே பைனான்ஸில் பணத்தைக் கட்டிவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவர்கள் இருவரிடமும் நான் பேசவில்லை. கோபப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவளுக்குச் சபையில் கௌரவம் வேண்டும், அதைக் கேட்டால் குற்றமா?

கல்யாணத்துக்கு நான்கைந்து நாள் இருக்கும். மத்தியான நேரம். எங்கள் ஊர் இனியனும் வேன் வைத்திருப்பவன்தான். என் கடைக்குக் கொஞ்சம் தள்ளி அவன் வண்டியைப் பைனான்ஸிலிருந்து வந்த ரெண்டு பேர் மறித்தார்கள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. பேசினார்கள், சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் என்று கேட்டு இனியன் வண்டிக்குள் ஏறினான். முன்னால் ஒட்டியிருந்த அண்ணாமலையார் படம், துண்டு, சோற்று டப்பா, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். வண்டி போய்விட்டது. அவன் அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றான்.

கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

"சித்ரா பௌர்ணமிக்கு நல்ல கலெக்‌ஷன்தான்கா," என்றான். "நடுவுல மச்சான் வூட்டு கிரகப்பிரவேசம் வந்துடுச்சு. செய்யாம இருக்க முடியுமா? டியூக்கு நாள் கீதேனு செஞ்சுட்டேன்."

"சரி, வூட்டுக்குப் போடா. அவகிட்ட சொல்லு."

"எப்படிக்கா வூட்டுக்குப் போறது?" என்று கேட்டான். அவன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் வெயிலில் படத்தோடு நிற்கிறவன் தெரிந்தான், அவனுக்கு என் தம்பி முகம் இருந்தது. அய்யோ சாமி என்று எழுந்து உட்கார்ந்தேன். இருந்தும் கீதாவைப் போய்ப் பார்க்கவில்லை. பாழாய்ப்போன ரோஷம், அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

கல்யாணத்தன்று என் தம்பி விடியற்காலையிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டே இருந்தான். எங்கள் சனத்தையும், மாப்பிள்ளையின் ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர்கள் சனத்தில் பாதியையும் அவன்தான் மண்டபத்துக்கு ஏற்றிவந்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் பக்கம் யார் என்ன சீர் செய்தார்கள் என்று மைக்கில் சொல்லுவார்கள். சொல்லாவிட்டால் செய்ததாகவே கணக்கில்லை. தாய்மாமன் சீர் நேரம் வந்ததும் மேளம் வாசித்துக்கொண்டே அழைத்து வந்தார்கள். தட்டுகளில் பழம், தேங்காய், வெற்றிலை, பட்டுப்புடவை. நடுத்தட்டில் அந்தச் சின்ன மோதிரம். அதைக் கீதா ஏந்தி வந்தாள். தலை நிமிர்ந்துதான் இருந்தது. முதல் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சங்கிலின்னாங்களே?" என்று பக்கத்தில் கேட்டாள். மெதுவாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு.

மைக்காரர் என் தம்பியிடம் குனிந்து, "தாய்மாமன் சீர் என்னானு சொல்லட்டும்?" என்றார். என் தம்பி நடுத்தட்டையே பார்த்தான். மேளம் நின்றுவிட்டது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. தென்றல் மணவறையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

நான் போய் மைக்கைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் நழுவப் பார்த்தார், நகர இடமில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றேன். "இவன் என் தம்பி கலையரசன். என் பொண்ணுக்குத் தாய்மாமன். ஒரு சவரன் சங்கிலி போடறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். வேணாம்னு சொன்னவ நான்தான். வாசல்ல ஒரு வேன் நிக்குதே, அது அவனோடது. உங்கள்ல பாதிப் பேரு அதுலதான் வந்து எறங்கினீங்க. அந்த வண்டிய வித்து, கடன வாங்கிச் சங்கிலி போட்டுட்டு, நாளைக்கு என் தம்பி ரோட்ல நிக்கணுமா? என் பொண்ணுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா ஓடி வர்றதுக்கு மாமன் வேணும், மாமனுக்கு வண்டி வேணும். எனக்கு அதான் சீர். எழுதிக்குங்க, மோதிரம், பட்டுப்பொடவ, சொந்த வண்டியில வந்த தாய்மாமன்!"

"இன்னும் டியூ முடியலக்கா," என்று என் தம்பி காதருகே முணுமுணுத்தான். மைக் அதையும் பிடித்துவிட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவந்து என் தம்பியின் தோளைத் தட்டினார். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

கீதா மட்டும் தட்டோடு அங்கேயே நின்றாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "நீங்க எப்ப வேணாம்னு சொன்னீங்க?"

"இப்பத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுச்சு, உனக்குக் கேக்கலியா? நட, போய் முன்னாடி நில்லு."