கியூபாவுக்கு முதல் பரிசு

கியூபா என்ற பெயரை நான் வெறுக்கத் தொடங்கியது ஏழாம் வகுப்பில். எண்பதுகளின் தொடக்கம். ஆரணியில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் ஐக்கிய நாடுகள் சபை போல ஒரு பேச்சுப்போட்டி வைத்தார்கள். ஆளுக்கொரு நாடு. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அமெரிக்கா வந்தது. முதல் பரிசே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. பெரியப்பா மகளுக்குக் கியூபா. என் வகுப்பு, அடுத்த வீடு. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பரிதாபம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. டில்லியிலிருந்த கியூபா தூதரகத்துக்கு அவள் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அவளிடம் ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். உள்ளே வழவழப்பான தாளில் கரும்புக்காடும் கப்பலும் வண்ண வண்ணமாக. தெருவே போய்த் தொட்டுப் பார்த்தது, என்னைத் தவிர. மறுநாளே நானும் அமெரிக்கத் தூதரகத்துக்கு எழுதினேன். அவசரத்தில் தபால்தலை ஒட்ட மறந்துவிட்டேன்.

மேடையில் நான் முந்திக்கொண்டேன். “பம்பாய்க்கு மேற்கே கிடக்கும் ஒரு சின்னத் தீவைப் பற்றி அமெரிக்காவுக்கு என்ன கவலை?” என்று கேட்டேன். கியூபா மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று; மேற்கிந்தியத் தீவுகள் என்றால் இந்தியாவுக்கு மேற்கே என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

“அமெரிக்கா தூங்கிகினு இருக்குது போல,” என்றாள் அவள். “எங்க ஊட்டுக்கும் உங்க ஊட்டுக்கும் நடுவுல தொண்ணூறு மைல் கடல்தான்.”

கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் தொடர்ந்தாள். “பக்கத்துல இருக்கிற நீங்க எங்க சர்க்கரைய வாங்க மாட்டேன்னுட்டீங்க. தூரத்துல இருக்கிற ரஷ்யா வாங்கிகினு எண்ணெய் தருது. எங்க ஊட்டுலயும் அப்படித்தான். பட்டுநூலு, ஜரிகை எல்லாம் எங்க சித்தப்பா குடுப்பாரு. எங்கப்பா நெய்யிற புடவைய அவரே எடுத்துக்குவாரு. வேற யாருக்கும் குடுக்க முடியாது. சித்தப்பா நல்லவருதான். ஆனா நாளைக்கே நூல் இல்லன்னுட்டா எங்க தறி நின்னுடும். எங்க தீவுக்கும் அந்த பயம்தான்.”

அந்தச் சித்தப்பா என் அப்பா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், அவளுக்கு. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா.

பள்ளி வாசலில் அப்பா பெரியப்பாவிடம், “யாருண்ணா எழுதிக் குடுத்தது?” என்று கேட்டார்.

“யாரும் எழுதித் தரலப்பா. சின்னப் பொண்ணு. வாய்க்கு வந்தத பேசிட்டா. நீ மனசுல வெச்சிக்காத.”

“இல்லண்ணா, நல்லாதான் பேசிச்சு,” என்றார் அப்பா, எங்கோ பார்த்தபடி.

தெருமுனை வரைக்கும் பெரியப்பா, தன் தம்பியின் பின்னால் இரண்டடி தள்ளி நடந்துகொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயித்த பெண்ணுக்காக ஒருவர் ஏன் இவ்வளவு கெஞ்ச வேண்டும்? என்னைத் தோற்கடித்ததற்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. பெருந்தன்மையோடு அவரை மன்னித்தும் விட்டேன்.