ராமாபுரத்துக்குச் சொன்ன படங்கள்

என்னிடம் படம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மைசூரில் நிறையப் பேர் உண்டு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ஒரு முறை, "வீக்கெண்டுக்கு ஜாலியா ஒரு படம் சொல்லேன்" என்றாள். "உன் மூஞ்சிக்கு ஜாலி ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளே வந்து, "சரி தாயே, நீயே எதையாவது சொல்லு" என்று நின்றாள். நான் அப்படித்தான். படம் சொல்வது எனக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. தியேட்டருக்குப் போ, வீட்டில் பார், பார்க்காதே. இதற்கு மேல் நான் விளக்குவதில்லை. பார்க்காதே என்று சொன்ன பிறகும் பார்த்துவிட்டு வந்து புலம்பினால், "நல்லா அனுபவி" என்பேன்.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பில் போடுகிறேன். வீடு மண்டி மொஹல்லாவில், ஓர் இரும்புக் கடைக்கு மேலே. அப்பா கட்டட மேஸ்திரி. நான் படித்ததெல்லாம் கன்னடத்தில். தமிழ் எழுத்தைப் படங்களின் டைட்டில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் 'ஒளிப்பதிவு', 'படத்தொகுப்பு' எல்லாம் எனக்கு முதலில் வந்தன, 'ஆடு', 'இலை' எல்லாம் பிற்பாடுதான் வந்தன.

சனிக்கிழமைதோறும் முதல் காட்சிக்குத் தனியாகப் போவேன். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "பொட்டப்புள்ள ஒத்தையா தியேட்டர்ல போய் உக்காந்தா ஜனங்க ஏன் அந்துக்குவாங்க?" என்பாள். ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்பதை அவள் பாதிக் கன்னடத்தில் கேட்டால் உண்மையாகவே பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போதெல்லாம் அவள் மறைக்கப் பாடுபட்டது என் வயதையோ கண்ணாடியையோ அல்ல, இந்தச் சனிக்கிழமைகளைத்தான். "படமா? டிவி பட்டனே எங்க பொண்ணுக்குத் தெரியாதுங்க" என்று வாய் கூசாமல் சொல்வாள். வயது முப்பத்திரண்டு ஆகியிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிப் போயின. அப்பா சாப்பிடும்போது என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

அந்த நிலையில்தான் கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் ராமாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அங்கே சொந்தமாக உரக்கடை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடியே இருந்தார். தனியாகப் பேசச் சொல்லி எங்களை மாடிப்படிக்கு அனுப்பினார்கள். கீழே கடையில் கம்பி அறுக்கும் சத்தம். நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கம்மா சொல்றது பொய்ங்க. நான் நெறையப் படம் பாப்பேன். கல்யாணத்துக்கு அப்புறமும் பாப்பேன்" என்றேன்.

"சரிங்க" என்றார்.

"உங்களுக்குப் பிடிக்குமா?"

"பாக்கலாமுங்க."

அந்த ஒரு 'பாக்கலாமுங்க'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலமே செய்தி வந்தது: "ஒரு படம் சொல்லுங்க."

நான் சொன்ன முதல் படம் கன்னடத்தில் வந்தது. ஒரு வீட்டின் பின்புறம் கிணறு வெட்டுகிறார்கள். படம் முழுக்க வெட்டுகிறார்கள். தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான் கதை. இதைப் பார்த்துவிட்டு என்னை வைதவர்கள் அதிகம். ராமாபுரத்திலிருந்து பதில் வந்தது: "தண்ணி வராதுன்னு அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு முதல்லயே தெரியும். கடைசிவரைக்கும் ஒருத்தியும் குடத்தை வெளியில எடுத்து வைக்கல, பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆமாம், ஒரு குடம்கூட வெளியே வரவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்தது ஒரு தமிழ்ப் படம். அதில் கணவனின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். வாசலில் அவன் செருப்பு மட்டும் கிடக்கும். அதற்கு வந்த பதில்: "செருப்பு வாசல்ல கெடக்கற நேரமெல்லாம் அவ கொலுசைக் கழட்டி வச்சிருக்கா." மூன்று முறை பார்த்து, ஊரெல்லாம் சொல்லித் திரிந்த படம். அந்தக் கொலுசு என் கண்ணில் பட்டதே இல்லை. மூன்றாவது ஒரு மலையாளப் படம். ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள், போகும்போது குக்கர் வெயிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள். நான் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. பதிலில், "பஸ் ஏறினப்புறம் அதை என்ன பண்ணுவா? தூக்கிப் போடவும் மனசு வராது" என்று இருந்தது.

காதலித்தேன். வேறு என்ன சொல்ல? இருபது வயதில் வராதது அப்போது வந்தது. சனிக்கிழமை தியேட்டரில் உட்கார்ந்து, இந்த இடத்தில் அவர் எதைக் கவனிப்பார் என்று யோசிப்பேன். போனில் பேசினால் மட்டும், "சாப்டாச்சுங்களா?", "அங்க மழைங்களா?" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. கூச்சம் என்று நினைத்தேன். பேசாத ஆண்பிள்ளை ஆழமானவன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பாழாய்ப்போன சினிமாதான். பதினைந்து வயதிலிருந்து அப்படிப்பட்ட கதாநாயகர்களையே பார்த்து வளர்ந்தால் புத்தி வேறு எப்படி இருக்கும்? ஒரு நாள் துணிந்து, "இந்தப் படத்தை உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்று அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. அதையும் கூச்சம் என்றே வைத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன், கூடவே தரகர். இவர்களோடு மாப்பிள்ளையின் அக்காவும் வந்திருந்தாள். கட்டிக் கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவள். நல்ல காரியத்துக்கு அவளைக் கூட்டி வருவதில்லையாம். அன்றைக்கு அவளாகவே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று அவள் அம்மாவே எங்கள் கூடத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கேசரியும் போண்டாவும் கொடுத்தோம். தரகர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"நாள் குறிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தைங்க" என்றாள் அக்கா. "இந்தப் புள்ள என்ற தம்பிக்கு என்னென்ன படம் பாக்கச் சொல்லுச்சுன்னு இங்க யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

அம்மா பதறிப்போய், "எங்க பொண்ணு படமே பாக்காதுங்களே" என்றாள்.

அக்கா தம்பியின் போனை எடுத்தாள். நான் அனுப்பியவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள், என் அப்பாவை வைத்துக்கொண்டு. "ஒரு படத்துல புருசன் ஊட்டுக்கு வந்தாலே பொண்டாட்டி நடுங்கறா. இன்னொண்ணுல குக்கர் குண்டைத் தூக்கிட்டு ஓடிப்போறா, ஊட்டு ஆளுங்க சோறில்லாம நிக்கறாங்க. அதுக்கு இந்தப் புள்ள விழுந்து விழுந்து சிரிச்சுதாமா. எழுதியிருக்குது பாருங்க. நம்மூட்டுக்கு வந்தா என்னத்தைத் தூக்கிட்டு ஓடுமோ?" தாய்மாமன் பெரிதாகச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நான் எழுதியதையும் படித்தாள். அப்பா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒருவர் மீது நம்பிக்கை இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்: "நீங்க சொல்லுங்க. அந்தக் கிணத்துப் படம் உங்களுக்குப் பிடிச்சிருந்துதுதானே? குடத்தைப் பத்தி எழுதினீங்களே?"

வாயில் போண்டாவோடு நிமிர்ந்தார். "எந்தக் கிணறுங்க?"

அவரே விளக்கினார், பாவம், கொஞ்சமும் கள்ளம் இல்லாமல். "எனக்கு இந்தப் படங்கிடமெல்லாம் ஆவாதுங்க. கடை வேலையே செரியா இருக்கும். போனை அக்காகிட்டக் குடுத்துருவேன். அந்தப் புள்ள என்னமோ படம் படம்னு உசுரை எடுக்குது, நீயே பாத்துட்டு எதையாச்சும் எழுதிப்போடுன்னேன்."

திரும்பி அவளைப் பார்த்தேன். போனை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. அத்தனை நாள் நான் காதலித்த ஆள் மெரூன் கலர் சேலை கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணு நம்மூட்டுக்கு ஆகாதுங்கப்பா" என்றாள்.

அவள் அப்பா என் அப்பாவிடம், "தப்பா நெனைக்காதீங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தாய்மாமன் எழுந்து நின்றபடியே தட்டில் மிச்சமிருந்த கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்கினார்.

வண்டி கிளம்பியதும் அம்மா என்னை அறைந்தாள். "அவ சொன்னதுல என்னடி தப்பு? எந்த வீட்டுப் பொண்ணு கட்டிக்கப்போறவன்கிட்ட ஓடிப்போற கதையைச் சொல்லுவா?" எதிர்வீட்டு அம்மாள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தபோது மட்டும் முகத்தை மாற்றிக்கொண்டு, "மண்டபம் பாக்கப் போயிருக்காங்க" என்றாள். உள்ளே வந்து, "உன்னைப் பெத்த வயித்துல பெரண்டையைத்தான் வச்சுக் கட்டிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மறுநாள் டிவியைக் கழற்றிக்கொண்டு போய், வேலை நடக்கும் இடத்தில் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு வரன்களும் வரவில்லை. ராமாபுரத்துக்காரர்கள் சொன்னது கொள்ளேகால் தாண்டி எல்லா ஊருக்கும் போயிருந்தது. சினிமாக்காரி என்று எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

அந்த அக்காவை நான் சபிக்காத நாள் இல்லை. சோறு சாப்பிடும்போது சபித்தேன். பில் போடும்போது சபித்தேன். தியேட்டரில் நல்ல காட்சி வந்தால் அவள் இதில் எதைக் கவனிப்பாள் என்று தானாகத் தோன்றும், அதற்காக இன்னும் ஒரு முறை சபிப்பேன்.

அடுத்த ஆவணியில் ராமாபுரத்து மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாகத் தரகர் வந்து சொன்னார். அனூர் பக்கத்துப் பெண்ணாம். "படம் கிடம் ஒண்ணும் பாக்காத புள்ள" என்று என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னார். அவருக்கும் ஒரு காபி கொடுக்க வேண்டியிருந்தது.

கல்யாணம் முடிந்து சில மாதங்கள் கழித்து, புதிய நம்பரிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "நான்தான், ராமாபுரத்து அக்கா. சொந்தமா போன் வாங்கிட்டேன். நல்ல படமா ஒண்ணு சொல்லு அம்மிணி."

என்ன நெஞ்சழுத்தம்! ஆத்திரத்தில் அடித்தேன்: "உங்க தம்பி கல்யாண வீடியோவைப் போட்டுப் பாருங்க."

பதில் உடனே வந்தது. "பாத்தேன். மூணு மணி நேரம். பொண்ணு ஒரு எடத்துலகூடச் சிரிக்கல."

அலுவலகத்தின் மாடிப்படிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஓர் ஆண் குரல் கத்தியது. 'சாப்டாச்சுங்களா' என்று என்னிடம் கேட்ட அதே குரல்.

"என்ன சத்தம் அது?"

"தட்டு. சோறு ஆறிப்போச்சாமா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னைக்குத் தட்டோட போச்சு. எனக்கு வலது காது கேக்காது கண்ணு. அவன் குடுத்த அறைதான்."

கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோனது. "இதெல்லாம் தெரிஞ்சுதான் அன்னைக்கு என் மானத்தை வாங்கினீங்களா?"

"பையன் செரியில்லைன்னு சொல்லியிருந்தா என்னைய அங்கயே மிதிச்சிருப்பாங்க. பொண்ணு செரியில்லைன்னா எல்லாத்துக்கும் காது கேக்கும். உன்னைய எனக்குப் புடிச்சுப்போச்சு அம்மிணி. அவனுக்குக் குடுக்க மனசு வல்ல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், நன்றியில்தான் அழுதேன். நான் பிழைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மறுமுனையில் மறுபடியும் கத்தல் கேட்டது. யாரோ ஒரு பெண் மெல்ல என்னவோ சொன்னாள், பாதியில் நின்றுபோனது.

"அப்ப அந்தப் பொண்ணு?" என்றேன். "அவளுக்கும் இதே மாதிரி எதையாவது சொல்லி நிறுத்தியிருக்கலாமே?"

"அவளா?" என்றாள். அவள் குரலில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. "அது சீரியல் பாக்கற புள்ள அம்மிணி. அது கெடக்குது. நீ படத்தைச் சொல்லு."

நான் ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். தியேட்டரில் பார்க்க வேண்டியது, வேறு வழியில்லை, போனிலேயே பாருங்கள் என்றும் சொன்னேன்.