திரைக்குப் பின்னால் ஆள் இல்லை

போன கிழமை இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் பேப்பர் ஒஃபிசுக்கே போன் எடுத்து, எழுதுகிற மனிசிக்கு விஷயம் முடிந்துபோச்சோ என்று விசாரித்தாராம்.

விஷயம் முடியவில்லை, ஐயா. மனிசிதான் தொலைந்துபோய்விட்டாள்.

பகிடி இல்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், பத்து வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒருத்தி, கொட்டுகிற மழையில் நெடுஞ்சாலை ஓரத்தில் தொலைந்துபோனாள். கண்டுபிடித்துவிட்டார்கள். இருந்தாலும் இதை எழுதும்போதுகூட, வெளியே யாராவது வண்டியை ஸ்ரார்ட் செய்தால் யன்னலுக்கு ஓடிவிடுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

மகள் துளசிக்கு இரண்டு யூனிவேர்சிற்றிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று ரொறொன்ரோவில். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ற் வாசலில் பஸ் ஏறி, பிறகு சப்வே பிடித்தால் சரி. பின்னேரம் சோறு ஆறுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றது கிங்ஸ்ரனில். இரண்டரை மணித்தியால ஓட்டம். அங்கே போனால் அங்கேயே தங்க வேண்டும். எது என்று ஜூன் மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும்.

அவளுக்கு வேண்டியது கிங்ஸ்ரன். எனக்கு வேண்டியது துளசி.

இந்த நேரம் பார்த்து இவர் — என் கணவர் — ஒரு திட்டத்தோடு வந்தார். கூட வேலை செய்யும் போர்த்துக்கேயர் ஒருவர் மே மாத லோங் வீக்கெண்டுக்குத் தன்னுடைய கரவனைத் தருகிறாராம். கரவன் என்றால் நாங்கள் கலியாண வீடுகளுக்கு நெருக்கியடித்துக்கொண்டு போகிற வான் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் இருக்கும். ஓடுகிற வீடு. "றீற்றாவைப் பார்த்து எவ்வளவு காலம்?" என்றார். றீற்றாவும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவளும் கணவர் அன்ரனும் இப்போது இருப்பது... வேறு எங்கே? கிங்ஸ்ரனில்.

இத்தனை வருடமாக வராத பாசம் இப்போது ஏன் வந்தது? எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கிவிட்டது என்று அவருக்கும் விளங்கியது. ஆனாலும் எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வெளிக்கிட்டோம். குடும்பம் என்றால் அதுதானே?

மழையும் எங்களோடு வெளிக்கிட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நாகரிகமாகச் சொல்லப் பார்க்கிறேன். கரவனுக்குள் ஒரு ரொய்லெற் இருக்கிறது. அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரம். நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் கதவு. ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் மேசையில் இருந்துகொண்டு உரத்த குரலில் வானிலையைப் பற்றிக் கதைக்க வேண்டும். எங்களால் ஆகிற காரியமா? நான் ஒரு பார்வை பார்த்தேன். றீற்றாவுக்குக் கொண்டுபோகிற சாமான்களை அதற்குள் அடுக்கிவிட்டேன். அவள் இருக்கிற இடத்தில் தமிழ்க் கடை இல்லை. அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், மாம்பழப் பெட்டி... கதவு மட்டுமட்டாகச் சாத்தியது.

"உது பாவிக்கத்தானே தந்தது" என்றார் இவர்.

"அப்ப நீங்கள் பாவியுங்கோவன்."

அவர் பாவிக்கவில்லை. பிக்கரிங் தாண்டுவதற்கு முன் ஒரு கோப்பி குடிப்போம் என்று டோனற் கடையில் நிறுத்தினார். ஒஷாவாவில் இன்னொரு கோப்பி. ஒரு கோப்பி குடித்தால் அடுத்த கோப்பிக் கடையைத் தேட வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியாதா? சரி, இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளையாவது? துளசியும் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தாள். ரொய்லெற்றைக் கூடவே கூட்டிக்கொண்டு, ரொய்லெற் தேடிப் போன குடும்பம் நாங்கள்.

கிங்ஸ்ரனிலும் மழை விடவில்லை. யூனிவேர்சிற்றியைக் கரவனுக்குள் இருந்தபடியே பார்த்தோம். வைப்பர் இந்தப் பக்கம் போனால் ஒரு கல் கட்டடம். அந்தப் பக்கம் போனால் வெறும் தண்ணீர்.

"நல்ல பழைய கட்டடம்" என்றார் இவர்.

"ஒழுகும்" என்றேன்.

ஒழுகியது எங்கள் கரவன்தான். கட்டிலுக்கு மேலே ஒரு மூலையில் சொட்டத் தொடங்கியது. தோசைமாச் சட்டியைக் கீழே வைத்தேன்.

றீற்றாவும் அன்ரனும் வீட்டு வாசலில் கரவனைக் கண்டதும், ஒரு குடைக்குள் இரண்டு பேருமாக ஓடிவந்து ஏறிவிட்டார்கள். ஏறியவர்கள் இறங்கவில்லை. விருந்தாளிகளின் வீட்டுக்கு விருந்துக்கு வந்த வீட்டுக்காரரை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஐந்து பேரும் அந்தச் சின்ன மேசையைச் சுற்றி இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். மேலே மழை தகரத்தில் அடித்தது. சட்டிக்குள் சொட்டுச் சொட்டென்று சத்தம்.

அன்ரன் முதலில் தொடங்கினார். பிள்ளை ஒன்றும் வடதுருவத்துக்குப் போகவில்லை, நாங்கள் இங்கே பக்கத்தில்தானே இருக்கிறோம் என்றார். நல்ல மனிதர். சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்தார்.

பிறகு றீற்றா களத்தில் இறங்கினாள். அவளுக்கு என் பலவீனம் தெரியும்.

"இவ ரீச்சர் பிள்ளையளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனால், எண்ணி எண்ணியே பொழுதுபட்டுப்போம்" என்று துளசிக்குச் சொன்னாள். "பஸ்ஸில ஏறேக்க ஒருக்கா, இறங்கேக்க ஒருக்கா, சாப்பிடேக்க ஒருக்கா. ஒருநாளாவது ஒருத்தர் துலைஞ்சிருப்பினமோ எண்டு கேளும்."

"எண்ணினபடியாத்தான் துலையேல்லை" என்றேன். "இவள் ஒருக்கா துலைஞ்சவள். உமக்குத் தெரியும்தானே."

றீற்றாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கோயிலில் அகதிகளாகக் கிடந்த காலம். துளசிக்கு எட்டு வயது. சாப்பாட்டு வரிசையில் சனம் நெருக்கியதில் என் கையிலிருந்து அவள் கை நழுவிவிட்டது. அந்தச் சனத்துக்குள் நான் எப்படி அலைந்தேன் என்று இப்போதும் சரியாக நினைவில்லை. கடைசியில் பார்த்தால், கை நழுவிய அதே தண்ணீர்க் குழாயடியில் அசையாமல் நின்றாள். ஏனென்றால் அவளுக்கு விளங்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லி வைத்த சட்டம் ஒன்று இருந்தது. துலைஞ்சால் நிண்ட இடத்திலேயே நில். நீயும் தேடி நானும் தேடினால் ஆளை ஆள் காணமாட்டம்.

றீற்றா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப பிள்ளை துலையேல்லையே. அவள் நிண்டிருக்கிறாள். ஓடித் திரிஞ்சது நீர்."

ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படிப்பித்தால் இதுதான் கரைச்சல். விவாதத்தில் வெல்ல முடியாது. வெல்ல முடியாதவர்கள் செய்வதை நானும் செய்தேன். முடிவு முடிவுதான், ரொறொன்ரோதான், இனி இந்தக் கதை வேண்டாம் என்று அறிவித்தேன். துளசி கோப்பைகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினாள்.

அடுத்த நாள் திரும்பினோம். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம் அல்லவா? றீற்றாவுக்கு அது வெறும் ரொய்லெற்றுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அரிசி மூட்டை இருந்த இடத்தில் தன் யன்னலில் வளர்த்த தக்காளி நாற்றுகளையும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றையும் நிரப்பிவிட்டாள்.

நான் பின்கட்டிலில் ஏறித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள் இல்லை. பேசாமல் இருந்துவிடுவேன். நான் இழுத்த திரையை நானேதான் திறக்க வேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள். அது வீட்டுச் சட்டம். இவர் ஓட்டினார். துளசி பக்கத்துச் சீற்றில் வரைபடத்தை விரித்துக்கொண்டு இருந்தாள். மழை மட்டும் விடாமல் கதைத்துக்கொண்டு வந்தது.

பாதி வழியில் இவர் பெற்றோல் அடிக்க நிறுத்தினார். பக்கத்தில் ஒரு டோனற் கடை. நான் பின்பக்கத்துக் கதவால் சத்தமில்லாமல் இறங்கினேன். சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கோபமாக இருக்கிறவள் 'ரொய்லெற் போட்டு வாறன்' என்று அறிவித்தால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை?

திரும்பி வந்து பார்த்தால், கரவனின் பின்பக்கம் நெடுஞ்சாலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

கை காட்டினேன். ஓடினேன். மழைக்குள் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமல் போனது.

வீட்டுச் சட்டைக்கு மேல் இவருடைய ஜக்கெற். காலில் செருப்பு. கைப்பை கரவனுக்குள். டோனற் கடையில் நின்ற பெட்டை, துளசியின் வயதுதான் இருக்கும், என் கோலத்தைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காமல் போனைத் தூக்கித் தந்தாள். யாருக்கு எடுப்பது? ஓடுகிற வண்டிக்குள் போன் இல்லை. மனப்பாடமாய் இருந்த ஒரே நம்பர் எங்கள் வீட்டு நம்பர். எடுத்தேன். ஆன்ஸரிங் மெஷினில் துளசியின் குரல் வந்து, நாங்கள் இப்போது வீட்டில் இல்லை என்று இங்கிலிஷில் சொன்னது. அது எனக்குத் தெரியாதா? ஏதோ சொல்லிவிட்டு வைத்தேன்.

அரை மணித்தியாலம் நின்றேன். யாரும் வரவில்லை. என் கோபத்தை எழுப்ப விரும்பாமல் ரொறொன்ரோ வரைக்குமே போய்விடுவார்கள் என்று தோன்றியது. அப்போது கடையில் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியர் கிட்ட வந்தார்கள். தாங்கள் ஒஷாவாவுக்குப் போகிறோம், கரவன் மெதுவாகத்தான் போகும், எட்டிப் பிடிக்கலாம் என்றார்கள்.

நின்ற இடத்தில் நில் என்ற சட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் அது பிள்ளைகளுக்குத்தானே?

ஏறினேன்.

கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம். எதிர்ப்பக்கத்தில், நடுவில் புல்வெளிக்கு அப்பால், வைப்பர் பேயாட்டம் ஆட, எங்கள் கரவன் நாங்கள் வந்த திசைக்குப் பறந்துகொண்டிருந்தது. நான் தமிழில் கத்தினேன். அந்த முதியவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நினைத்த இடத்தில் திருப்பக் கூடிய றோட்டா அது? அடுத்த வெளிவழி வரும்வரை அவர் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு எண்ணம்தான் எனக்கு. கடைக்கு வருவார்கள். நான் ஒஷாவாப் பக்கம் போய்விட்டேன் என்று அந்தப் பெட்டை சொல்வாள். இவர் திரும்பவும் என்னைத் துரத்துவார். நான் திரும்பி வந்து அவரைத் துரத்துவேன். இப்படியே இரண்டு பேரும் கிழடாகிவிடுவோம்.

நடந்ததும் பாதி அதுதான். கடைப் பெட்டை சொன்னதும் இவர் ஓடிப்போய்க் கரவனில் ஏறினாராம். துளசி வண்டித் திறப்பைப் பிடுங்கித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டாளாம். "அம்மா எங்களைக் கண்டிருப்பா. இல்லாட்டியும் இஞ்சதான் வருவா. ஒருத்தரும் அசையக் கூடாது" என்றாளாம்.

நாங்கள் திரும்பி வந்து கடை வளவுக்குள் நுழைந்தபோது, பெற்றோல் பம்புகளுக்கு மேலே கூரை இருக்க, அவள் கூரைக்குக் கீழே நிற்கவில்லை. றோட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிற இடத்தில், குடை இல்லாமல், மழைக்குள் நின்றாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. அசையவில்லை.

எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது.

இறங்கினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நிண்ட இடத்தில நிக்கச் சொன்னது ஆர், அம்மா?"

நான் பேசாமல் நின்றேன். இந்த முறை கோபத்தில் இல்லை.

கரவனுக்குள் ஏறிய பிறகுதான் முழுக்கதையும் வந்தது. ஓடிக்கொண்டிருந்தபோது துளசி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு பின்னுக்கு வந்தாளாம். திரைக்கு வெளியே நின்று இரண்டு தரம் அம்மா என்று கூப்பிட்டாளாம். பதில் இல்லை. வீட்டுச் சட்டத்தை மீறித் திரையை விலக்கிப் பார்த்தால்... கட்டிலில் தோசைமாச் சட்டி மட்டும்.

"உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று இவரைக் கேட்டேன்.

"சத்தம் ஒண்டும் இல்லை" என்றார் பாவம். "உமக்கு இன்னும் ஆறேல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். தக்காளி நாற்றுகளையும் கறிவேப்பிலைக் கன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ரொய்லெற்றுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முன்னால் இரண்டு பேரும் உரத்த குரலில் வானிலையைப் பற்றிக் கதைத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்காபரோ வரைக்கும் எங்களுக்கு ஒரு கோப்பியும் தேவைப்படவில்லை.

ஒஷாவா தாண்டும்போது சொன்னேன்: "கிங்ஸ்ரனுக்கே எழுது."

"அம்மா, ஆர் யூ ஷுவர்?"

"ஓம்" என்றேன். ஷுவர் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவள் அங்கே தொலைந்துபோவாள் என்று இனிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். எங்கள் மூன்று பேரில் தொலையக்கூடிய ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு லைற் மின்னியது. துளசி அமத்தினாள். என்னுடைய குரல், அழுதபடி: "இஞ்சாருங்கோ, நான் நிண்ட இடத்திலயே நிக்கிறன். அசையமாட்டன். கெதியா வாங்கோ."

அதை அழிக்க விடமாட்டேன் என்கிறாள். கிங்ஸ்ரனுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

இவர்தான் இப்போது மாறிவிட்டார். காரில் நான் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு வந்தால் போதும், ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். செப்ரெம்பரில் துளசி போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் எண்ணுவதற்கு இரண்டு பேர்தான்.

அதில் ஒருத்தி பேசாமல் இருக்கக் கூடாதாம். புதிய வீட்டுச் சட்டம்.