எஸ்தர் எழுதிய நான்

கைப்பேசியில் எஸ்தரின் பெயர் வந்தது. ஆய்வுக்கூடத்தில் பியூரெட் குழாயின் மேல் கண்ணை வைத்தபடியே எடுத்து, "சொல்லுடி, காய்ச்சல் விட்டுச்சா?" என்றேன். பேசியது அவளுடைய அண்ணன். "எஸ்தர் போயிட்டாமா" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். பியூரெட்டில் இருந்த அளவைப் பார்த்து எழுதினேன். அதன் பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று வகுப்பில் உங்களில் சிலர் கேட்டீர்கள்.

எஸ்தரை அறிந்த உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? ஏனாத்தூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் நம் வகுப்பில், பாடம் நடக்கும்போதே "புரியல சார்" என்று தைரியமாகச் சொல்லும் ஒரே ஆள் அவள்தான். செவிலிமேட்டுக்காரி. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டாம் ஆண்டில் நாங்கள் இருவரும் முனைவர் பட்டத்துக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க முடிவு செய்தோம். மற்றதெல்லாம் தயாராகிவிட்டது. ஆராய்ச்சிக்கு ஏன் வர விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

என் முதல் வரைவு பட்டில் தொடங்கியது. தறி ஓடும் வீடு, கோயில் நகரம், சாயத்தின் வண்ணங்கள் என்று போனது. எஸ்தர் கேண்டீனில் அதை உரக்கப் படித்தாள். "காஞ்சிபுரத்துல இருந்து போற அத்தினி பேரும் இதத்தான்டி எழுதுவாங்க. படிக்கிறவங்க, புடவை விக்க வந்துக்கிறான்னு நெனைப்பாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்து அவளுடையதைப் பிடுங்கிப் பார்த்தேன். அதுவும் பட்டில்தான் தொடங்கியது. அவள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததே கிடையாது. சிரித்த சிரிப்பில் இருவரின் டீயும் ஆறிப்போனது.

அன்றுதான் அவள் ஒரு வழி சொன்னாள். "நம்மளப் பத்தி எழுத நமக்கு வரல. நீ என்னப் பத்தி எழுது, நான் உன்னப் பத்தி எழுதறேன்." அப்படியே மாற்றிக்கொண்டோம். சாயப்பட்டறைக் கழிவுநீரைத்தான் நான் ஆராய நினைத்திருந்தேன். டவுன் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்னைக் குடைவாள். "சாயப்பட்டறைத் தண்ணி மேல உனக்கு இன்னாடி அக்கறை? உண்மையச் சொல்லு." அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

அவள் நானாக இருந்து ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எனக்கு எதைக் கண்டாலும் பயம். அதனால் எதையும் இரண்டு முறை அளப்பேன்." அதை எடுத்துவிடு, பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்கள் என்று கெஞ்சினேன். "பயந்தாங்கொள்ளிதானே நீ? ஆனா உன் ரீடிங்க நம்பி நான் கண்ண மூடிக்கினு எழுதுவேன். இது இருக்கட்டும்" என்றாள்.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்றுதான் அவளை அடக்கம் செய்தார்கள். சேர்ந்து அனுப்பலாம் என்று இருவருமே அனுப்பாமல் வைத்திருந்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ அப்ளிகேசன் போட்டாளா கண்ணு? காய்ச்சல்லகூட அதையே பேசிக்கினு இருந்தா." இல்லை என்று தலையசைத்தேன். "அப்ப அவளோடத நீ போட்டுடுமா" என்றார். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது? "போட்டுட்றேன்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து என்னுடையதை அனுப்பினேன். அதில் என்னைப் பற்றி இருந்த ஒவ்வொரு வரியும் எஸ்தர் எழுதியது. அவளைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கம் என்னிடமே இருக்கிறது. அதை இனி யாருக்கும் அனுப்ப முடியாது.

இப்போது நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சந்தோஷமாக இல்லை. அழுகையும் வரவில்லை. கை மரத்துப்போனது போல எல்லாமே மரத்திருக்கிறது. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வாக்கியங்கள்தான். என் பயத்தை ஒரு தகுதியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதை வைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போகப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு எஸ்தரின் அம்மா கேட்டார்: "எதனா பதில் வந்துச்சா கண்ணு?"

"வந்துச்சும்மா."

"இன்னா சொல்றாங்க?"

"நேர்ல வரச் சொல்லியிருக்காங்கம்மா."

யாரை என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் எஸ்தரின் நல்ல கைப்பையை எடுத்துவந்து, என் மடியில் வைத்தார்.