சொந்தமாக எழுதச் சொன்ன வலைத்தளம்

பிள்ளைகளே, "ரெடிமேடா கிடைக்கும்போது எதுக்குப்பா தனியா எழுதச் சொன்னீங்க?" என்று வீடியோ காலில் இருவரும் கேட்டீர்கள். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். நேரில் பேச வராததை எழுதுகிறேன்.

நம் தண்ணீர் லாரிகளை புக் செய்ய வலைத்தளம் வேண்டும் என்றது நீங்கள்தான். மேடவாக்கத்தில் வீட்டிலிருந்தே வலைத்தளம் எழுதித் தரும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். அஸ்தினாபுரத்தில் நம் வீட்டுக்கே லேப்டாப்போடு வந்தாள்.

"ரெண்டு வழி இருக்கு அங்கிள். ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்னு இருக்கு. நிறையப் பேர் சேர்ந்து எழுதிப் பொதுவுல வச்சது. அதுமேல நம்மளுதைக் கட்டினா சீக்கிரம் முடிஞ்சிடும். இல்ல, அடியிலேர்ந்து நானே எழுதணும்னா உங்க தொழிலையே கேட்டுக் கேட்டு எழுதணும். அடிக்கடி வரவேண்டியிருக்கும்."

பத்தாவதோடு நின்றவன் நான். கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. "நீயே எழுதும்மா" என்றேன்.

உங்கள் அம்மா போனபின் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பெண் கேட்டாள். லாரி எந்தச் சந்தில் ரிவர்ஸில்தான் நுழையும், தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப்பின் மூடி வாசலிலா பின்னாலா, ஹோஸ் எட்டுமா என்று. வீடு வீடாகச் சொன்னேன். ஒரே நாளில் சொல்லக்கூடியதை நாலைந்து நாளுக்கு இழுத்தேன்.

சாவி வாங்க வந்த நம் டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், இம்மாம் நாளா எழுதினுகீறாங்க? தண்ணி வண்டியா, ராக்கெட்டா?"

"ராக்கெட்டுக்கு ஹோஸ் வேணாம் அண்ணா, இதுக்கு வேணுமே" என்றாள் அவள். வெகுநாள் கழித்து இந்தக் கூடத்தில் மூன்று பேர் சிரித்தோம்.

பிறகு ஒருநாள் தயங்கியபடி வந்தாள்.

"ஓ.எம்.ஆர்.ல ஒரு ஐ.டி. கம்பெனில வேலை கிடைச்சிருக்கு அங்கிள். இதை நான் முடிச்சாலும், மே மாசத்துல நின்னுபோச்சுன்னா என்னைத் தவிர யாருக்கும் புரியாது. ஓப்பன் சோர்ஸுக்கே மாத்திடட்டுமா? அது தெரிஞ்சவங்க தாம்பரத்துல தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க."

"ஹோஸு, சந்து எல்லாம்?"

"அதையும் சேர்த்துடலாம்."

"அதுக்கு வரணுமாம்மா?"

"வேணாம் அங்கிள். எல்லாந்தான் சொல்லிட்டீங்களே."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வெயில் காலத்தில் காலி சம்ப்பை வைத்துக்கொண்டு நம் லாரிக்குக் காத்திருப்பவர்களை நினைத்தேன். "மாத்தும்மா" என்றேன்.

நீங்கள் சொன்ன வழிதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. தளம் தயார் என்று போனில் செய்தி வந்தது. அவள் வரவில்லை. வர வேலையும் இல்லை.

அன்று மாலை போனில் தளத்தைத் திறந்து, நம் வீட்டு விலாசத்துக்கே ஒரு லோடு தண்ணீர் புக் செய்தேன். லாரி நேராக வரலாம், சம்ப் வாசலில், சின்ன ஹோஸ் போதும் என்று தளம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டேன். புது ஆர்டர் என்று என் போனே மணி அடித்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரத்து செய்தேன்.