ஞானம்மா எழுந்து போன ஞாயிறு

ஞானம்மாவுக்கு வீட்டில் வைத்த பெயர் அஞ்சலை. எளாவூருக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் பிறந்து, அதே காலனியில் அப்பாவுவுக்கு வாழ்க்கைப்பட்டு, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். அப்பாவு திருட்டுச் சாராயத்தில் கிடந்த காலத்தில்தான் பொன்னேரியிலிருந்து தானியேல் பாஸ்டர் சைக்கிளில் வந்து ஜெபக்கூட்டம் நடத்த ஆரம்பித்தார். அறுபத்தொன்றில் புருஷனும் பெண்டாட்டியும் ஏரித் தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தார்கள்; அஞ்சலை ஞானம்மா ஆனாள். அன்றோடு அப்பாவு குடியை விட்டான். கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னால் ஞானம்மா ஒன்றுதான் சொல்வாள்: "எங்க ஊட்டுக்காரு சாயங்காலம் நேரா நடந்து ஊட்டுக்கு வராரு. ஸ்தோத்திரம்."

காலனிக்கு ஒரே பெரிய துன்பம் சுடுகாட்டுக்கு வழி இல்லாதது. ஊர்த்தெரு வழியாகப் பிணம் கொண்டுபோக விடமாட்டார்கள். வயலில் இறங்கிப் போகவேண்டும்; மழைக்காலத்தில் மார்பளவு தண்ணீர் நிற்கும். இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் காலனிக்காரனுக்கு அதே தண்ணீர்தான்.

அந்த வயல் வீரராகவனுடையது. இரண்டு லாரியும் நிறைய நிலமும் உள்ளவன். போலீஸ் காலனி ஆட்களைப் பிடித்துப் போனால் ஸ்டேஷனுக்கே போய் மீட்டு வருவான்; வயலில் காலனிக்காரரோடு ஒரே பானைத் தண்ணீர் குடிப்பான். அதோடு, கட்டின மனைவியை அடித்துத் தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டு, சோதனைச்சாவடிப் பக்கம் ஒரு வீடு எடுத்து செண்பகம் என்கிற பெண்ணை வைத்திருந்தான். அவள் கர்ப்பமானதும் அவளையும் அடித்துத் துரத்தினான். செண்பகத்தைப் பெற்றவர்கள் கதவைத் திறக்கவில்லை. ஞானம்மாதான் தன் குடிசையில் சேர்த்துக்கொண்டாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் ஜுரத்தில் போயிற்று. அடைமழை. வயலைக் கடக்க முடியாமல் குழந்தையை ஏரிக்கரையிலேயே புதைத்தார்கள். அதன்பிறகு செண்பகமும் சபைக்கு வரத் தொடங்கினாள்.

எழுபதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு இருவர் நின்றார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வேங்கடேசன். குடி கிடையாது, பொய் கிடையாது. சுடுகாட்டு வழியைப் பற்றிக் கேட்டபோது, "காலங்காலமா இருக்கிற வழக்கத்தை மாத்த நான் யாரு?" என்றார். மற்றவன் வீரராகவன். ஜெயித்தால் தன் வயலிலேயே ஒரு துண்டு விட்டு மேடான பாதை போட்டுத் தருவதாகச் சொன்னான்.

ஆராதனை முடிந்தபின் தானியேல் பாஸ்டர் இதை எடுத்தார். சபையில் அன்றைக்கு எல்லாக் குடும்பமும் இருந்தது.

"கோரேஸ் ராஜா யாரு? கர்த்தரை அறியாதவன். ஆனா சிறைப்பட்டிருந்த ஜனங்களை எருசலேமுக்குத் திருப்பி அனுப்பறதுக்கு கர்த்தர் அவனைத்தான் எடுத்தாரு. தாவீது ராஜா அடுத்தவன் பெண்டாட்டியையே எடுத்துக்கிட்டாரு, அவர் பண்ணாத பாவமா?"

ஞானம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள். "தாவீது பண்ண பாவத்துக்கு அழுதாரு, ஐயா. இந்த ஆளு அழுதாரா?"

"நாம அவரை சபைக்கு மூப்பராக்கப் போறதில்லம்மா. பிரசிடெண்டாதானே ஆக்கப் போறோம்?"

ஞானம்மா விடவில்லை. "வழி குடுக்கற மனசு கீதுன்னா இன்னிக்கே குடுக்கலாமே. ஓட்டு வாங்கினப்பறம் இன்னாத்துக்கு?" என்றாள்.

ஆண்கள் முணுமுணுத்தார்கள். அப்பாவு திரும்பி, "சும்மா இரு. பேஜாரு பண்ணாத" என்றான்.

அப்போதுதான் செண்பகம் பேசினாள். சபையில் அவள் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே எனுக்கு உடம்பு நடுங்குது. ஆனா எம் புள்ளைய நாய் தோண்டிருமோன்னு ராவெல்லாம் கரையில உக்காந்துகினு இருந்தேனே, அது வேற யாருக்கும் வரக்கூடாது. அவருக்கே போடுங்க."

வீரராகவனுக்கே ஓட்டு என்று முடிவாயிற்று. ஞானம்மாவும் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு வீரராகவனே சபைக்கு வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பாஸ்டர் அவனை முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து, "உம்முடைய ஊழியனை ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். எல்லோரும் எழுந்து நின்று கைகளை உயர்த்தினார்கள். செண்பகம் எழுந்திருக்க முயன்று முடியாமல் சுவரில் சாய்ந்தாள்.

ஞானம்மா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, பாயை மிதித்து, எல்லோருக்கும் நடுவில் நடந்து வெளியே போனார்கள்.

சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா. நீங்களும் ஒத்துக்கிட்டதுதானே?"

"ஓட்டுக்கு ஒத்துக்கினேன் ஐயா. ஊழியக்காரருன்னு கை வெக்கறதுக்கு ஒத்துக்கல. அவ அங்கதானே குந்திகினு இருந்தா? அவளுக்கு நாம இன்னா சொல்றோம் அதுல?"

பாஸ்டர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பாவு இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. ஞானம்மாவும் செண்பகமும் அதன்பின் வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டார்கள்.

தேர்தல் அன்று இருவரும் சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். திரும்பும் வழியில் ஞானம்மா மெதுவாகச் சொன்னாள். "அந்த ஆளுக்குத்தான் குத்திட்டு வந்தேன். உம் புள்ளைய நெனச்சிகினேன்."

செண்பகம் நின்றுவிட்டாள். "அக்கா, நான் வாத்தியாருக்குப் போட்டுட்டேன். உள்ள போனா கை அங்க போகவே மாட்டேன்னுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

வீரராகவன் ஜெயித்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். மறு கோடையில் ஏரி மண் கொட்டி, வண்டி போகிற அகலத்துக்குப் பாதை போட்டான். காலனியே திரண்டு நின்று பார்த்தது.

அதே வருஷம் சர்க்கார் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஏலத்தில் சாராயக்கடையை எடுத்தது வீரராகவனின் தங்கை புருஷன். கடை காலனி முனையில் வந்தது. பத்து வருஷம் குடிக்காத அப்பாவு ஒரு மாதம் அதைத் தாண்டிப் போனான். பிறகு உள்ளே போனான்.

ஞானம்மா பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீரராகவன் வீட்டுக்குப் போனாள். வாசலை அடையும்போது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. தானியேல் பாஸ்டர் இறங்கி வந்து அவர்களோடு நின்றார்.

வீரராகவன் மரியாதையாகத்தான் பேசினான். "சர்க்கார் கடைம்மா. நான் இன்னா பண்ண முடியும்? பாதை கேட்டீங்க, போட்டேன். இல்லியா?"

"போட்டீங்க. இல்லன்னு சொல்லல. கடைய நவுத்துங்க" என்றாள் ஞானம்மா.

அவன் நகர்த்தவில்லை. அந்த ஞாயிறு பாஸ்டர் சபையில் எழுந்து, "ஓட்டுப் போட்டது தப்புன்னு நான் இன்னும் நினைக்கலை. அவர் தலையில நான் கை வெச்சது தப்பு. செண்பகம் சகோதரிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார். ஞானம்மாவும் செண்பகமும் மறுபடி சபைக்கு வந்தார்கள்.

கடை மூடப்பட்டது எழுபத்துநாலில், சர்க்காரே மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தபோது. அதற்கு முந்தின ஐப்பசியில் அப்பாவு ஈரல் கெட்டுச் செத்துப்போனான். பெருமழையிலும் அவனைத் தூக்கிப் போனவர்கள் புதுப் பாதையிலேயே போனார்கள்; வயல் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஞானம்மா அதற்காக நன்றியும் சொல்லவில்லை, யாரையும் சபிக்கவும் இல்லை.

பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு ஆலையில் பழைய இரும்பு பிரிக்கும் வேலைக்கு அவளும் செண்பகமும் சேர்ந்தார்கள். செண்பகத்தை அங்கே வேலைபார்த்த தேசப்பன் என்கிறவர் கல்யாணம் செய்துகொண்டார். தாய் ஸ்தானத்தில் நின்று ஞானம்மாதான் பெண்ணைக் கொடுத்தாள்.