முகம் சுளிக்காதே, அலைடா

அலைடாவுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். பாதி ஆயுளை ஒரு பல் மருத்துவரிடம் கழித்தவள். ஊரார் வாயிலிருந்து வந்த கருவிகளைக் கழுவுவதும், ஆவியில் வேகவைப்பதும், எச்சில் உறிஞ்சும் இயந்திரம் அடைத்துக்கொண்டால் கழற்றி மாட்டுவதும் அவள் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் காலையில் பல் துலக்கினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது முகத்திலும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் சனிக்கிழமைதோறும் தேவாலயத்துப் பின்கூடத்தில் நடக்கும், ஊரார் கொண்டுவரும் பழுதான பொருட்களைத் தன்னார்வலர்கள் இலவசமாகச் சரிசெய்து தரும் கூட்டத்துக்கு ஏன் போனாள்? அதற்கும் அருவருப்புதான் காரணம். நகராட்சி வந்து பெரிய சாமான்களைக் குப்பையாக அள்ளும் நாளில் தெருவோரம் குவிந்து கிடக்கும் நல்ல இஸ்திரிப் பெட்டிகளையும் விளக்குகளையும் பார்த்தாலே அவள் முகம் சுளிக்கும். ஒரு கம்பி அறுந்ததற்கா ஒரு பொருளைத் தூக்கி எறிவது? கருவிப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அங்கே வந்து சேர்ந்த பொருட்களோ அவள் நினைத்ததைவிட மோசம். ரொட்டி வாட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்தால் தூளோடு ஒரு காய்ந்த எலி விழுந்தது. முடிவெட்டும் இயந்திரத்துக்குள் ஒரு குடும்பத்தின் தலைமுடி முழுக்கச் சிக்கிக் கிடந்தது. பழச்சாறு பிழியும் பாத்திரத்தின் அடியில் பச்சையாகப் பூசணம். கொண்டு வந்தவர்கள் எல்லாம் நன்றாக உடுத்தியவர்கள், "கொஞ்சம் தூசி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே மேசையில் வைப்பவர்கள்.

அலைடா முதலில் பிளக்கைப் பிடுங்குவாள். பிறகு கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஈயம் பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுவாள், மழையானாலும் சரி. பக்கத்து மேசை ரினுஸுக்கு இது பெரிய வேடிக்கை. ரினுஸ் பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர், ஊரறிந்தவர். ஒரு கையில் ஈயக்கம்பி, மறு கையில் ஆப்பிள் கேக், இரண்டும் மாறி மாறி வாய்க்குப் பக்கத்தில் போய் வரும்.

"டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா, எல்லாரும் வாயத் திறங்க!" என்பார்.

"நீ மட்டும் திறக்காத ரினுஸ். நேத்து சாப்பிட்டதெல்லாம் இன்னும் உள்ளதான் இருக்கு" என்பாள் அலைடா.

கூட்டத்தை நடத்துபவள் யோலாந்தா. இனிமையானவள், அதுவும் அளவுக்கு மீறி. எலி விழுந்த மறுவாரம் அலைடாவைக் காபி மேசைப் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டாள்.

"அலைடா, தப்பா எடுத்துக்காத. அந்த அம்மா அழுதுட்டே போனாங்களாம்."

"எலிக்காகவா?"

"உன் மூஞ்சிக்காக! ஜனங்க ஆசையா வர்றாங்க. நீ மூக்கப் பிடிச்சுக்கிட்டு, இத எங்க வச்சிருந்தீங்க, எதுல விழுந்துச்சுன்னு போலீஸ் மாதிரி கேக்குற. கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன். எனக்காக."

அலைடா ஒத்துக்கொண்டாள். அதன் பிறகு சில வாரம் உதட்டை இழுத்துக் கட்டியதுபோல் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் தாடை வலிக்கும்.

நவம்பர் மழையில் ஒரு சனிக்கிழமை டெர்க்சன் என்பவர் வந்தார். ஒட்டகநிறக் கம்பளிக் கோட்டு, பளபளக்கும் காலணி. கையில் துண்டால் சுற்றிய மின்சைக்கிள் பேட்டரி. குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்து அலைடாவின் மேசையில் வைத்துத் துண்டை விலக்கினார்.

"சார்ஜ் ஏற மாட்டேங்குது. சும்மா நின்னுபோச்சு. சின்ன வேலதான் இருக்கும்."

பெட்டியின் ஒரு பக்கம் வயிறு உப்பினதுபோல் புடைத்திருந்தது. மூடி பொருந்தவில்லை. அந்த இடுக்கிலிருந்து ஒரு வாடை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் அழுகின பழத்தைப் போட்டதுபோல் ஒரு தித்திப்பு வாடை. அலைடா பின்னால் சாய்ந்தாள். முகம் தானாகக் கோணப் போயிற்று. அந்த நேரம் பார்த்து யோலாந்தா அந்தப் பக்கமாகக் காபித் தட்டோடு வந்து, கண்ணாலேயே கெஞ்சினாள்.

அலைடா சிரித்தாள். "எங்கயாவது விழுந்துச்சுங்களா? தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"இல்லவே இல்லைங்க."

"வாடை வருதே."

"என்னோட ஷேவிங் லோஷனா இருக்கும்" என்றார் டெர்க்சன், நகைச்சுவையாக.

"நாங்க பேட்டரியத் திறக்கிறதில்லைங்க. இத வெளிய, கட்டடத்த விட்டுத் தள்ளி வைங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரினுஸ் கை நீட்டிவிட்டார்.

"இங்க தள்ளும்மா. இது மாதிரி எத்தனையோ திறந்திருக்கேன்."

"ரினுஸ், வேணாம். உப்பியிருக்கு பாரு."

"நானுந்தான் உப்பியிருக்கேன். என்னையும் வெளிய தள்ளப் போறியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யோலாந்தாவும் சிரித்தாள். அலைடா கத்தியிருக்க வேண்டும், மேசையைக் குத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நல்ல பெண்ணாக ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ரினுஸ் திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினார். முதலில் பாம்பு சீறுவதுபோல் ஒரு சத்தம். அடுத்து வெள்ளைப் புகை, குழாயைத் திறந்துவிட்டதுபோல் பீறிட்டு வந்தது. ரினுஸ் "ஐயோ" என்று கையை உதறினார்.

"எல்லாரும் வெளிய! பைய விடுங்க, கோட்ட விடுங்க, வெளிய போங்க!" அலைடாவுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. ரினுஸ் ஈரத்துணி தேடினார். அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "என் கருவியெல்லாம்" என்றார். "உன் நுரையீரல் ஒண்ணுதான் இருக்கு, நட!" என்று முதுகில் அறைந்தாள். எல்லாரும் வெளியேறியதும் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புக்குப் போன் செய்தாள். அதற்குள் கூடத்து ஜன்னல்களில் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது.

முற்றத்தில் மழையில் நனைந்தபடி எல்லாரும் நின்றார்கள். ரினுஸின் வலது உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. இருமி இருமி எச்சில் கறுப்பாக வந்தது. அலைடா முற்றத்துக் குழாயடிக்கு அவரைக் கூட்டிப்போய்க் கையைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது புகையைப் பார்த்துக் குடையோடு ஒரு பெண்மணி வேகமாக வந்தாள். டெர்க்சனின் மனைவி.

"இங்கயா கொண்டுவந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "கால்வாய்ல விழுந்தத எடுத்தப்பவே கடைக்காரர் சொன்னாரே, இது வெடிக்கும், தொடாதீங்கன்னு! நம்ம கார் கொட்டகையிலகூட வைக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

டெர்க்சன் கோட்டிலிருந்த மழைத்துளியைத் தட்டிவிட்டார். "சரியாப் போச்சுன்னா லாபம்னு பார்த்தேன். இவங்கதான் திறந்தாங்க, நானா திறந்தேன்?" பிறகு அலைடாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உள்ள என் துண்டு இருக்கு. நல்ல துண்டு. தீயணைப்புக்காரங்க கிட்ட சொல்லி எடுத்துத் தர முடியுங்களா?" என்றார்.

அலைடா எத்தனையோ வாய்களைப் பார்த்தவள். சீழ் பார்த்திருக்கிறாள், புழு பார்த்திருக்கிறாள். இந்த வாயைப் பார்த்தபோது வந்த குமட்டல் எதிலும் வந்ததில்லை. சுவரோரம் போய் உண்மையிலேயே வாந்தி எடுத்தாள். அதில் பாதி டெர்க்சனுக்கு. மீதி அவளுக்கே. வாடை தெரிந்தும் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கு.

கூடத்தின் கூரை கரியாயிற்று. மேசைகள் போயின. இரண்டு நாள் கழித்து யோலாந்தா வீட்டுக்கே வந்தாள், பூங்கொத்தோடு.

"தேவாலயத்துக்காரங்க கேட்டா, ஏதோ ஒயர் கோளாறுன்னு சொல்லிக்கலாமா? இல்லன்னா இனிமே யாரும் இடம் தர மாட்டாங்க அலைடா."

"பூவ எடுத்துக்கிட்டுப் போ யோலாந்தா. தண்ணி மாத்தாம வச்சிருந்திருக்க, தண்டு நாறுது."

அன்றே அலைடா தேவாலயத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள், தான் கத்தித் தடுக்காமல் இருந்ததையும் சேர்த்து. அவர்கள் கோபப்பட்டார்கள், இனி கூடம் இல்லை என்றார்கள். மருத்துவமனையில் ரினுஸ் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "கொஞ்சம் கத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

"கத்தியிருக்கணும். நீயும் காதத் தொறந்திருக்கணும்" என்றாள்.

வசந்தத்தில் ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடம் கிடைத்தது. அலைடா வைத்த நிபந்தனைக்கு யோலாந்தா தலையாட்டினாள்: வாசலில் அலைடா நிற்பாள், அவள் வேண்டாம் என்றால் அந்தப் பொருள் உள்ளே வராது. பேட்டரி எதையும் யாரும் திறப்பதில்லை. ரினுஸ் இடது கையால் ஈயம் வைக்கப் பழகிக்கொண்டிருந்தார், கண்ணில் கண்ணாடியோடு.

முதல் நாளே டெர்க்சன் வரிசையில் நின்றார், காபி இயந்திரத்தோடு. எதுவும் நடக்காததுபோல் வணக்கம் சொன்னார். அலைடா மூடியைத் திறந்தாள். குழாய்க்குள் புளித்த பால் கட்டி கட்டியாகத் தொங்கியது. அவள் முகம் நெற்றி முதல் தாடை வரை சுளித்தது. யாருக்காகவும் அதை மறைக்கவில்லை.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"என் மனைவிதாங்க கழுவாம விட்டுட்டா" என்றார்.

அலைடா இயந்திரத்தை மூடி, அவர் கோட்டின் மேலேயே சாய்த்துக் கையில் கொடுத்தாள். "தூக்கிட்டுப் போங்க" என்றாள். "அடுத்தவங்க வாங்க."